கேட்டை நட்சத்திரத்துக்கு ஓர் அர்ச்சனை

என்னைக் கண்டதும் கழுத்தை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொள்கிறவர்களை எனக்குப் பிடிக்காது. பினாங்கில் அப்படிப்பட்டவர்களுக்குப் பஞ்சமே இல்லை. சிலோன்காரி, அதிலும் வன்னியில் கடைசி வரைக்கும் இருந்தவள் என்று தெரிந்தால் போதும், கழுத்து சாயும், நாக்கு 'உச்சு' கொட்டும், அடுத்ததாகக் கை தொலைபேசியைத் தேடும். போரைப் பற்றி நான் சொல்லிக் கேட்பதைவிட, தாங்கள் பார்த்த காணொளியை எனக்குக் காட்டுவதில்தான் அவர்களுக்கு விருப்பம். ஒருத்தி, நான் நடந்து வந்த அதே கடற்கரையை என் மூக்குக்கு முன்னால் நீட்டி, "இந்த எடம்தானேக்கா?" என்று கேட்டாள். நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். "இல்லை, அது வேற கடற்கரை" என்று சொல்லிவிட்டு மிச்சத்தையும் உரித்தேன்.

ஆயர் ஈத்தாம் சந்தைக்குப் பின்னால் இருக்கும் ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் பன்னிரண்டு வருடமாக அடுப்படியில் நிற்கிறேன். கையில் இருப்பது அகதி அட்டை. அதைக் காட்டினால் போலீஸ்காரர் சில நாள் தலையாட்டுவார், சில நாள் ஆட்டமாட்டார். அதன் பெருமை அவ்வளவுதான். சீக்கிரம் வேறு நாட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று வந்த புதிதில் எல்லாரும் சொன்னார்கள். நானும் நம்பி ஒரு பையில் உடுப்பை மடித்து வைத்துக் காத்திருந்தேன். மூன்றாம் வருடம் உடுப்பை எடுத்து அலமாரியில் வைத்தேன். அந்தப் பையில்தான் இப்போது மரக்கறி வாங்கிவருகிறேன்.

என் கணவர் ஊரில் ஒரு சிறிய பள்ளிக்கூடத்தில் வாத்தியாராக இருந்தார். பொய் சொல்லத் தெரியாத மனிதர் என்று ஊரே மெச்சியது. கூட இருந்து குடித்தனம் செய்தவளுக்குத்தான் தெரியும், அது எத்தனை பெரிய தொல்லை என்று. குழம்பில் உப்புக் கூடினால் விருந்தாளியை வைத்துக்கொண்டே கூடிவிட்டது என்பார். தன் தங்கையின் கூறைச்சேலை கண்ணைக் குத்துகிறது என்று அவளிடமே சொன்னதில், அவள் தாலி கட்டும் நேரத்தில் அழுத முகத்தோடு இருந்தாள். அப்படிப்பட்ட ஒருவரைத்தான் கடைசி மாதங்களில் இயக்கம் பிடித்துக்கொண்டு போனது. துவக்கை எந்தப் பக்கம் பிடிப்பது என்றே அவருக்குத் தெரியாது. பதுங்குகுழி வெட்ட விட்டார்கள். ஏழு நாள் வெட்டினார். எட்டாம் நாள் அந்த இடத்தில் செல் விழுந்து எல்லாரும் சிதறி ஓட, இவரும் ஓடி என்னிடம் வந்துவிட்டார்.

பிறகு எல்லாம் முடிந்தது. நீரேரியைக் கடந்து முள்ளுக்கம்பிக்குள் வந்து வரிசையில் நின்றோம். ஒரே ஒரு நாள் இயக்கத்தில் இருந்தவர்கள்கூடத் தனியாக வந்து பதியவேண்டும், பதிந்தால் விட்டுவிடுவோம் என்று ராணுவத்தார் ஒலிபெருக்கியில் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். எங்களுக்கு முன்னால் நின்றவன் ஐந்து வருடம் இருந்தவன், எனக்கே தெரியும். அவன் குனிந்து தன் பிள்ளையின் செருப்பைச் சரிசெய்யத் தொடங்கினான். இவர் கையைத் தூக்கினார். நான் சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

"ஏழு நாள் எண்டாலும் இருந்ததுதானே" என்றார். "விடு, எழுதிப்போட்டு வாறன்."

ஒரு பஸ்ஸில் ஏற்றினார்கள். அந்த பஸ் எங்கே போனது என்று இன்றுவரை எவரும் சொல்லவில்லை. குனிந்து செருப்புக் கட்டியவன் இப்போது கனடாவில் இரண்டு வீடு வைத்திருக்கிறான். என் புருஷன் ஒரு மடையன் என்று நான் சொன்னால் கேட்கிறவர்கள் காதைப் பொத்திக்கொள்கிறார்கள். நான் சொல்லத்தான் சொல்வேன். அந்த மடையனோடு ஏழு வருடம் நான் அவ்வளவு சந்தோஷமாக இருந்தேன். வயிற்றில் வந்த இரண்டும் தங்கவில்லை, அப்போதும் சந்தோஷமாகத்தான் இருந்தோம். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

தாலிக்கொடியை அரிசிக்கும் மாவுக்கும் முன்பே கொடுத்துத் தின்றாகிவிட்டது. தாலியை மட்டும் கொடுக்கவில்லை. அதை மஞ்சள் கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டுதான் கடல் கடந்து வந்தேன்.

பினாங்கில் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் கோவிலுக்குப் போய் அவர் பெயரில் ஓர் அர்ச்சனைச் சீட்டு எடுப்பேன். பெயர், கேட்டை நட்சத்திரம். அர்ச்சனை என்பது உயிரோடு இருக்கிறவர்கள் நன்றாக இருக்கவேண்டும் என்று செய்வது. செத்தவர்களுக்கு வேறு சீட்டு, வேறு விளக்கு. ஆகவே வாரா வாரம் பெயரும் நட்சத்திரமும் சொல்லி அந்த மனிதன் உயிரோடு இருக்கிறான் என்று நான் சாட்சி சொல்லி வந்தேன். குருக்களும் மந்திரம் சொல்லித் திருநீறு கொடுத்துவிடுவார். ஆள் எங்கே என்று அவர் கேட்கவில்லை. அந்த ஒரு காரணத்துக்காக அவரை எனக்குப் பிடிக்கும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் மாமிக்குத் தொலைபேசி எடுப்பேன். மாமி என்றால் அவருடைய அம்மா. காணாமல்போனவர்களின் தாய்மார் ஊரில் வீதியோரம் ஒரு கொட்டில் போட்டு, பிள்ளைகளின் படத்தை மடியில் வைத்துக்கொண்டு வருடக்கணக்காக இருக்கிறார்கள். மாமியும் அங்கேதான். அதிகம் பேசிக்கொள்ளமாட்டோம்.

"ஏதும் தகவல் இருக்கோ மாமி?"

"இல்லைப் பிள்ளை. வருவான்."

"ஓம் மாமி. நானும் வெள்ளிக்கிழமை அர்ச்சனை செய்தனான்."

பன்னிரண்டு வருடமாக இதே மூன்று வரிதான். இடையில் மழை, முழங்கால் வலி, மாட்டுக்குக் கன்று என்று கொஞ்சம் நிரப்பிக்கொள்வோம்.

இப்படி ஒரு பெண் தன் பாட்டில் இருந்தால் ஊருக்குப் பொறுக்குமா? பொறுக்கவில்லை. பாலத்துக்கு அப்பால் சிம்பாங் அம்பாட்டில் இருக்கும் தொழிற்சாலைக்கு ஆள் ஏற்றும் வேன் ஓட்டுநர் ஒருவர் எங்கள் கடையில் காலையும் மாலையும் சாப்பிடுவார், வெள்ளிக்கிழமை கோவில் வரிசையிலும் நிற்பார். மனைவி நோயில் இறந்துவிட்டார், ஒரே மகள் சிங்கப்பூரில் வேலை. ஐம்பதைத் தாண்டிய மனிதர். தொந்தி உண்டு, சட்டைப் பையில் எந்நேரமும் மூன்று பேனா உண்டு. வேன் ஓட்டுகிறவருக்கு எதற்கு மூன்று பேனா என்று பத்து வருடமாக யோசிக்கிறேன், பதில் இல்லை.

இந்த ஊரில் யாரும் யாரையும் முறை சொல்லாமல் கூப்பிடமாட்டார்கள். தட்டுக் கழுவுகிறவருக்கும் அண்ணே, காய்கறிக்காரிக்கும் அக்கா. இவர் மட்டும் என்னை எந்த முறையும் சொல்லவில்லை. பால் விடாத தேநீருக்கு "இந்தாங்க, ஒரு தே ஓ" என்பார். "இந்தாங்க, நாளைக்கு மீன் உண்டா?" என்பார். அக்கா என்று சொல்ல வயது இடம் தராது, தங்கச்சி என்று சொல்ல மனது இடம் தரவில்லை என்று எனக்கு இரண்டாம் மாதமே விளங்கிவிட்டது. உடனே நான் ஒவ்வொரு வாக்கியத்திலும் ஓர் 'அண்ணை' போடத் தொடங்கினேன். "மீன் இருக்கு அண்ணை. காசை அங்க குடுங்கோ அண்ணை." வேலி அடைப்பதற்கு எங்கள் ஊரில் பனையோலை, இங்கே எனக்கு இந்தச் சொல்தான் கிடைத்தது. அவர் ஒவ்வொரு முறையும் முகம் சுண்டிப்போய், ஆனால் வயிறாரச் சாப்பிட்டுவிட்டுப் போவார்.

நல்ல மனிதர்தான். நான் குடியிருந்த அடுக்குமாடியில் லிப்ட் கெட்டுக் கிடந்தபோது என் கட்டிலை மூன்றாம் மாடிக்குத் தூக்கிவந்து தந்தவர் அவர்தான். நாளடைவில் கடை ஓய்ந்த நேரத்தில் பேச்சும் வந்தது. நான் அவரிடம் என் கணவரைப் பற்றி நிறையச் சொல்லியிருக்கிறேன். உப்புக் கதை, கூறைச்சேலைக் கதை, எங்கள் கல்யாணக் கதை, எல்லாம். அவர் கழுத்தைச் சாய்க்காமல் கேட்டார். சிரிக்கவேண்டிய இடத்தில் சிரித்தார். எனக்கு அவரைப் பிடித்துப்போனது. சும்மா இல்லை, நன்றாகவே பிடித்துப்போனது. அது தெரிந்த நாளிலிருந்து அண்ணையை இரண்டு மடங்கு ஆக்கினேன்.

ஒரு நாள் கேட்டேவிட்டார்.

"நாம ரெண்டு பேரும் ஒரே வீட்டுல இருந்தா என்னா? உங்களுக்கும் யாரும் இல்ல, எனக்கும் யாரும் இல்ல."

"எனக்கு ஆள் இருக்கு அண்ணை."

"சரிலா" என்றார். கை கழுவப் போய்விட்டார். மறுநாளும் வந்து சாப்பிட்டார்.

அவர் அதோடு விட்டார், அவருடைய அக்கா விடவில்லை. அந்த அம்மாள் கோவில் மகளிர் பகுதியில் பெரிய ஆள். மைக் இல்லாமலே மைக்கில் பேசுகிறவர். தம்பி ஒரு சிலோன்காரி பின்னால் திரிகிறான் என்று காதில் விழுந்ததும் என்னைப் பார்க்கக் கடைக்கே வந்தார். பார்த்ததும் கழுத்தைச் சாய்த்தார். போரில் கணவனை இழந்த பெண்களுக்கு மேடையில் சேலை கொடுக்கப்போகிறார்களாம், பட்டியலில் ஓர் ஆள் குறைகிறதாம்.

"நான் விதவை இல்லை அக்கா."

"அப்ப புருஷன் எங்க?"

"தெரியாது."

"எத்தன வருஷமா தெரியாது?"

சொன்னேன். அவர் என் தாலியைப் பார்த்தார், நெற்றிப் பொட்டைப் பார்த்தார், பிறகு தன் கையிலிருந்த பட்டியலைப் பார்த்தார். "அப்படின்னா அதுதானம்மா" என்றார், ஏதோ நான் சின்னக் கூட்டல் கணக்கைத் தப்பாகப் போட்டுவிட்டதுபோல. "மேடைக்கு வரும்போது பொட்ட மட்டும் கொஞ்சம் சின்னதா வெச்சுக்கங்க. படம் எடுப்பாங்க." நான் குழம்புச் சட்டியைத் திறந்து முகத்தை ஆவியில் மறைத்துக்கொண்டேன். சேலை கொடுக்க ஒரு பெண்ணின் புருஷனைக் கொல்லாத குறையாக அவளை விதவையாக்கும் தர்மத்தை நான் அங்கேதான் முதன்முதலாகப் பார்த்தேன். மேடைக்குப் போகவில்லை. இடத்தை நிரப்ப வேறு யாரையோ பிடித்துவிட்டார்கள்.

அந்த வருடம் ஆடி அமாவாசைக்குக் கோவில் அன்னதானத்துக்கு எங்கள் கடையிலிருந்து சமைக்கப் போனோம். நான் பின்கட்டில் உட்கார்ந்து பூசணிக்காய் வெட்டிக்கொண்டிருந்தேன். அன்றைக்கு இறந்தவர்களுக்கு மோட்ச விளக்கு ஏற்றுவார்கள். பணம் கட்டியவர்கள் எழுதிக்கொடுத்த பெயர்களைக் குருக்கள் ஒலிபெருக்கியில் வரிசையாக வாசிப்பார். பெயர், நட்சத்திரம், பெயர், நட்சத்திரம். அவசர அவசரமாகத்தான் வாசிப்பார், மதியத்துக்குள் முடிக்கவேண்டுமே. நான் கேட்டும் கேளாமலும் வெட்டிக்கொண்டிருந்தேன்.

என் கணவரின் பெயரை வாசித்தார். கேட்டை நட்சத்திரம் என்றார். அடுத்த பெயருக்குப் போனார்.

அதே பெயரில், அதே நட்சத்திரத்தில் வேறொருவன் பினாங்கில் செத்திருக்கலாம் என்று ஒரு கணம் நினைத்துப் பார்த்தேன். ஆனால் அடுத்து வந்தது வேன்காரரின் மனைவி பெயர். இரண்டும் ஒரே சீட்டு. வாரா வாரம் அர்ச்சனை வரிசையில் எனக்குப் பின்னால் நின்று, உயிரோடு இருக்கிறார் என்று நான் சொல்லி எழுதிய பெயரையும் நட்சத்திரத்தையும் அப்படியே மனதில் வைத்திருந்து, செத்தவர்கள் சீட்டில் எழுதிக் கொடுத்திருக்கிறார். மூன்று பேனாவில் எந்தப் பேனாவோ தெரியவில்லை. கோவில் முழுக்க ஒலிபெருக்கி வைத்து என் புருஷனைச் சாகடித்தாகிவிட்டது.

நான் எழுந்து வெளியே வந்தேன். கையில் பூசணி வெட்டிய கத்தி இருந்தது எனக்குத் தெரியாது. செருப்பு வைக்கும் இடத்தில் அவர் நின்றார். பக்கத்தில் நின்ற இரண்டு பேர் கத்தியைக் கண்டதும் ஒதுங்கிக்கொண்டார்கள். பிறகு இந்தக் கதை ஆயர் ஈத்தாம் முழுக்கப் போய், நான் அவரைக் குத்தப் போனதாகவே முடிந்தது.

"ஆரைக் கேட்டு எழுதினனீங்கள்?"

"நல்லதுக்குத்தான்லா எழுதுனேன்." அவர் ஓரடி பின்வாங்கினார். "வருஷா வருஷம் என் வொய்புக்கு எழுதுறேன். அவருக்கு யாரும் ஒண்ணும் செய்யலையேன்னு மனசு கேக்கல. பாவம், பசியோட நிப்பாரு."

"அவர் செத்தவர் எண்டு உங்களுக்கு ஆர் சொன்னது?"

அவர் கத்தியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அந்த மனிதர் வாழ்க்கையில் யாரையும் எதிர்த்துப் பேசியதில்லை என்று நினைக்கிறேன். அன்றைக்குப் பேசினார்.

"நீங்கதான். உங்க கட்டில நான்தானே மேல தூக்கிட்டு வந்தேன். ஒத்தக் கட்டிலு. அலமாரியும் சின்னது. தட்டு ஒண்ணு, கோப்பை ஒண்ணு. அவரு இன்னிக்கி வந்தா எங்க படுப்பாரு, எதுல சாப்பிடுவாரு? நீங்க அத ஒரு நாளும் யோசிச்சதே இல்ல. வர்ற ஆளுக்கு யாராச்சும் ஒரு தட்டாவது வாங்கி வெப்பாங்கலா."

அப்படி மடக்கினால் எனக்கு ஒரே ஒரு வழிதான் தெரியும், ஏசுவது. இனிமேல் கடைப் பக்கம் வந்தால் மீன் குழம்பைத் தலையில் ஊற்றுவேன் என்றேன். இன்னும் என்னென்னவோ சொன்னேன், அதெல்லாம் எழுதக்கூடியதில்லை. அவர் செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு போய்விட்டார். ஒன்று அவருடையது, மற்றது யாருடையதோ.

நாலு மாதம் அவர் வரவில்லை. எனக்கு அது நிம்மதியாக இருந்தது என்று நான் எல்லாரிடமும் சொன்னேன். காலையில் ஒரு தே ஓவைக் கலக்கி வைத்துவிட்டு, யாருக்கு என்று தெரியாமல் நானே குடித்தேன். அந்த நாலு மாதமும் கோவிலுக்கும் போகவில்லை. செத்தவர் என்று வாசித்த பெயரை அதே குருக்களிடம் எப்படிக் கொண்டுபோய் நீட்டுவது? மாமியிடமும் சொல்லவில்லை. மாமியின் மகனை ஒரு வேன்காரன் சீட்டு எழுதிச் சாகடித்துவிட்டான், அவன் யாரென்று கேட்டால் உங்கள் மருமகளுக்குப் பிடித்தவன் என்று சொல்வதா? அந்தக் கொட்டிலில் படத்தோடு உட்கார்ந்திருக்கும் மனிசிக்கு நான் ஒருத்திதான் மிச்சம்.

கடைக்கு வேண்டிய மசாலாவுக்கு மாதம் ஒரு முறை கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலைக்குப் போவேன். ஒரு ஞாயிறு அங்கே நிற்கும்போதே மாமி எடுத்தார். வழக்கமாக நான்தான் எடுப்பேன். ஏதும் தகவல் இருக்கோ என்று கேட்கப் போனவள், என்னவோ நினைத்து, எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். வேன்காரர், சீட்டு, ஒலிபெருக்கி, கத்தி, எல்லாம். மாமி ஏசப்போகிறார், ஏசினால் நானும் சேர்ந்து ஏசலாம் என்று காத்திருந்தேன். பிறகு மாமி கேட்டார்.

"என்ன சமைச்சுப் படைச்சவை?"

"என்ன மாமி?"

"அண்டைக்குக் கோவில்ல. என்ன படைச்சவை? கத்தரிக்காய் வைச்சவையோ? அவனுக்குக் கத்தரிக்காய்க் குழம்பெண்டால் உயிர்."

"மாமி, அவர் செத்தவர் எண்டு வாசிச்சுப் போட்டாங்கள்."

"நான் வருசா வருசம் திதி குடுக்கிறனான் பிள்ளை" என்றார் மாமி. "மூண்டாம் வருசத்தில இருந்து. ஆருக்கும் தெரியாது, ஐயருக்கும் எனக்கும்தான் தெரியும். விடியக் கடலுக்குப் போட்டு, குளிச்சுப்போட்டு, பேந்துதான் கொட்டிலுக்குப் போறனான். பெத்த பிள்ளை பசியோட நிக்கலாமே?"

சாலையில் வண்டிகள் போய்க்கொண்டிருந்தன. மசாலாக் கடை பாய் ஒரு முக்காலியை எடுத்து என் பக்கம் தள்ளினார். "ஒக்காருங்கம்மா" என்றார், அதற்கு மேல் ஒன்றும் கேட்காமல் மிளகாயை நிறுக்கப் போய்விட்டார். இந்த ஊரில் நான் கண்ட பெரிய மனிதர்களில் அவர் ஒருவர்.

"அப்ப கொட்டிலில ஏன் மாமி இருக்கிறியள்?"

"கொண்டுபோனவன் தன்ர வாயால சொல்லவேணும். என்ன செய்தவன், எங்க புதைச்சவன் எண்டு சொல்லவேணும். அதுக்கு இருக்கிறன். அவன் வருவான் எண்டே இருக்கிறன்? எனக்கென்ன விசரே?"

"என்னட்ட ஏன் ஒரு நாளும் சொல்லேல்லை?"

"நீ வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை அர்ச்சனை செய்யிறாய் எண்டு சொல்லுவாய். நான் எப்பிடியடி சொல்லுறது?"

பன்னிரண்டு வருடம் என்று நினைத்துப் பார்த்தேன். நான் மாமிக்காகப் பொய் சொல்லியிருக்கிறேன், மாமி எனக்காக. சர்வதேச அழைப்பு எடுத்து வாரா வாரம் ஒருவரையொருவர் ஏமாற்றியிருக்கிறோம். எங்களைவிட முட்டாள்களை எந்தப் போரும் மிச்சம் விட்டிருக்காது. எனக்குச் சிரிப்பு வந்தது, பிறகு அழுகை வந்தது, மிளகாய்க் கடையில் உட்கார்ந்து அழுவதில் ஒரு வசதி, யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள். என் புருஷன் செத்துப்போனான் என்று அன்றைக்குத்தான் அழுதேன். பஸ் போன அன்று அழவில்லை, முகாமில் அழவில்லை. மாமி அந்தப் பக்கம் தொலைபேசியை வைக்காமல் இருந்தார்.

கடைசியில் கேட்டார். "அந்த வேன்காரன் குடிப்பானோ?"

"இல்லை மாமி. தேத்தண்ணிதான்."

"அப்ப சரி" என்றார்.

சிம்பாங் அம்பாட்டுக்கு இரண்டு பஸ் மாறிப் போய், தொழிற்சாலை வாசலில் வேனுக்குப் பக்கத்தில் நின்றேன். அவர் என்னைக் கண்டதும் முதலில் என் கையைத்தான் பார்த்தார். கத்தி இல்லை என்று தெரிந்த பிறகுதான் கிட்ட வந்தார். நான் சுற்றி வளைக்கவில்லை. கல்யாணம் என்று ஒன்றும் வேண்டாம், பதிய என்னிடம் கடதாசியும் இல்லை என்றேன். என் புருஷன் செத்துவிட்டார் என்று ஊரில் ஒரு கடதாசி தருவார்கள், அதை வாங்கினால் மாமி அந்தக் கொட்டிலில் இருப்பதற்கு அர்த்தமில்லாமல் போகும், ஆகவே வாங்கமாட்டேன் என்றேன். என் கழுத்தில் இருப்பது இப்படியே இருக்கும், கழற்றமாட்டேன் என்றேன்.

"இருக்கட்டும்லா" என்றார். கொஞ்ச நேரம் பேனாக்களைச் சரிசெய்தார். "அப்ப நான் என்னா செய்யணும்?"

"ரெண்டு தட்டு வாங்குங்கோ" என்றேன். அண்ணை சொல்லவில்லை. அவருக்கு அது விளங்க ஒரு நிமிடம் ஆனது, விளங்கியதும் அந்தத் தொந்தியோடு அவர் வெட்கப்பட்டதைப் பார்க்கச் சகிக்கவில்லை.

அவருடைய அக்காவுக்கு வந்த கோபத்தைச் சொல்லத் தேவையில்லை. இன்னொருத்தன் கட்டிய தாலியோடு ஒருத்தி தன் தம்பி வீட்டுக்குள் காலெடுத்து வைப்பதா என்று கேட்டார். என்னை விதவையாக்கி மேடையேற்றப் பார்த்தவர், இப்போது நான் விதவையாக இல்லை என்பதற்காகக் கத்தினார். தாலியை முறைப்படி இறக்கி வைத்துவிட்டு வரட்டும், ஒரு சின்னச் சடங்குதான் என்று குருக்களைக் கூட்டிவரப் பார்த்தார். குருக்கள் தனக்கு வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டார். அவரை எனக்குப் பிடிக்கும் என்று சொன்னேனே.

சிம்பாங் அம்பாட்டில் ஒரு வீடமைப்புப் பகுதியில் வாடகை வீடு. எல்லா வீடும் ஒரே மாதிரி, எல்லா வாசலிலும் ஒரு கார். வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, எதிர்வீட்டு அம்மாள் தாம்பாளத்தில் குங்குமமும் வெற்றிலையும் எடுத்துக்கொண்டு வந்தார். மகளுக்கு வளைகாப்பாம், வளையல் போட ஐந்து சுமங்கலிகள் வேண்டுமாம். வந்தவரின் கண் நேராக என் கழுத்துக்குப் போனது. மஞ்சள் கயிறு அவருக்குத் திருப்தியாக இருந்தது. எனக்குக் குங்குமம் நீட்டினார். நான் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். உண்மையைச் சொல்லிவிடத்தான் வாயெடுத்தேன். இந்தத் தாலி கட்டினவர் செத்துவிட்டார், அம்மா, இந்தா நிற்கிறவர் வேறு ஆள் என்று. வளைகாப்பு வீட்டுக்குள் அவர்களுக்குத் தெரியாமல் போய் நிற்க எனக்கு விருப்பமில்லை, அதற்காகத் திருட்டு முழி முழிக்கவும் விருப்பமில்லை.

அதற்குள் அந்த அம்மாள் அவர் பக்கம் திரும்பிவிட்டார். "கல்யாணமாகி எத்தன வருஷம் அண்ணே?"

அவர் வாசலில் உட்கார்ந்து மின்விசிறியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தவில்லை.

"இருபத்து மூணு வருஷம்" என்றார். "ஆவணி மாசம்."

"இங்கயா கல்யாணம்?"

"இல்லலா, சிலோன்ல. அவங்க ஊரு கோயில்ல. பொண்ணு வீட்டுல பத்து நாளா சமையலு. அன்னிக்கி நல்ல மழ. பந்தல்ல தண்ணி ஒழுகி, மாப்பிள்ளயோட வேட்டி எல்லாம் சேறு. ஆனா சிரிச்சிக்கிட்டேதான் தாலி கட்டுனது."

பினாங்குப் பாலத்தைத் தவிர வேறு கடலைக் கடந்தறியாத மனிதர். மருந்துக்கும் தடுமாறவில்லை. எதிர்வீட்டு அம்மாள், மழையில் நடந்த கல்யாணம் நல்லா இருக்கும் என்று சொல்லிக்கொண்டு என் நெற்றியில் குங்குமம் வைத்துவிட்டுப் போனார். நான் அப்படியே குசினிக்குள் போய்த் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன். என் கணவரின் கல்யாணத்தை, எந்தப் பதிவேட்டிலும் மிச்சமில்லாத அந்தக் கல்யாணத்தை, ஒரு நாள்கூடக் குறைக்காமல் ஒருவர் வாசலில் இருந்து சொல்கிறார்.

கொஞ்சம் கழித்து அவர் வந்து கதவோரம் நின்றார். கையில் மின்விசிறியின் ஓர் இதழ்.

"தப்பா சொல்லிட்டேனா?"

"மழை பெய்தது கலியாணத்தண்டு இல்லை" என்றேன், திரும்பாமல். "அடுத்த நாள்தான். சேறானது அவற்ற வேட்டியும் இல்லை, என்ர அப்பாவின்ர வேட்டி."

"ஓ" என்றார். யோசித்தார். "சரி, அடுத்த தடவ சரியா சொல்றேன்."